அவான்ட் கார்ட் எழுத்துருவில் இருவகைச் சாய்வு

முன்னுரை

அச்செழுத்தின் வரலாற்றை அதனை வரைந்தவர்களின் வரலாறாக எழுதுவது பெருவழக்கு. ஆயின் வரையப்பட்ட வடிவத்தில் எக்கூறு நிலைக்கும், எது மறையும் என்பதை அச்சுக்கருவியும் முடிவு செய்கிறது. நுனிக்கோடற்ற தலைப்பெழுத்துருவான ஐடிசி அவான்ட் கார்ட் காதிக்கைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

அண்மையால் பிறந்த சாய்வு

ரால்ஃப் கின்ஸ்பர்க் 1968இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘அவான்ட் கார்ட்’ இதழுக்குப் பெயர்ச்சின்னம் அமைத்தவர் ஹெர்ப் லுபாலின். ரோமன் எழுத்துகளான ஏ, வி இரண்டும் அடுத்தடுத்து வரும்போது இடையே வெற்றிடம் தோன்றும். லுபாலின் அவற்றின் கால்களை ஒரே கோணத்தில் சாய்த்து நெருக்கி நிறுத்தினார். புணர்ச்சியில் நிலைமொழியீறும் வருமொழி முதலும் ஒன்றையொன்று மாற்றுவதுபோல, இங்கு அண்டை எழுத்தே வடிவத்தை முடிவு செய்தது.

உலோக எழுத்து ஒவ்வொன்றும் செவ்வக அச்சுடலில் அமைந்தது. அந்த உடலைச் செதுக்கினாலன்றி இத்தகைய நெருக்கம் இயலாது. ஒளியச்சுக் கோப்பில் அத்தடை இல்லை. லுபாலினும் டாம் கார்னேசும் சின்னத்தை முழு எழுத்துருவாக விரித்தனர். சாய்ந்த மாற்றுவடிவங்களும் கூட்டெழுத்துகளும் கொண்ட அவ்வெழுத்துருவை ஐடிசி நிறுவனம் 1970இல் வெளியிட்டது.

முழுமைக்குமான சாய்வு

1977இல் ஆந்த்ரே கூர்ட்லர், கிறிஸ்டியன் மெங்கெல்ட், எரிக் கிஷ்விண்ட் ஆகியோர் இதன் சாய்வெழுத்து வரிசையை உருவாக்கினர். இதில் எல்லா எழுத்துகளும் வலப்புறம் ஒருசீராகச் சாய்ந்தன. அண்டை எழுத்து எதுவாயினும் வடிவம் மாறுவதில்லை.

1986இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டர் பிளஸ் அச்சுப்பொறியில் இவ்வெழுத்துருவின் நான்கு வகைகள் இடம்பெற்றன. அவற்றுள் இரண்டு சாய்வெழுத்துகள், கூட்டெழுத்துகளோ இல்லை. ஒரு விசைக்கு ஒரு வடிவம் என்னும் அமைப்பு இரண்டாம் சாய்வை எளிதாக ஏற்றது. முதற்சாய்வுக்கு அதில் இடமில்லை. பின்னர் வந்த ஓப்பன்டைப் பதிப்பில் கூட்டெழுத்துகள் இடம்பெற்றன.

இம்மறைவை முற்றிலும் இழப்பு என்றும் கூறவியலாது. கூட்டெழுத்துகளைப் பொருந்தாத இடங்களிலும் திணித்த தலைப்புகள் 1970களில் பெருகின. அண்மையை நோக்காது கையாண்டால் முதற்சாய்வு வெறும் அணியாகிவிடும்.

முடிவுரை

முதற்சாய்வு எழுத்துகளுக்கிடையிலான உறவு. இரண்டாவது தனியெழுத்தின் பண்பு. கருவி பண்பைக் காத்தது, உறவைக் கைவிட்டது. எனவே இடைக்காலக் கணினிப்படியை மட்டும் கண்டு இவ்வெழுத்துருவை வட்டமும் நேர்கோடுமான எளிய வடிவம் என வகைப்படுத்துவது பிழையாகும். அச்செழுத்தை ஆய்வோர்க்கு 1970களின் அச்சுத்தாள்களே முதன்மைச் சான்று. பின்வந்த படிகள் அவற்றைக் கையாண்ட கருவியின் வரலாற்றுக்கே சான்றாகும்.