ஓடுகிற சர்வரில் ஃபைல் சிஸ்டத்தை ரிப்பேர் பண்ணலாமா? – எஃப்எஸ்செக் வரலாறு

நான் படிப்பது பி.காம். இந்தத் தலைப்பு எனக்கு எதற்கு என்று வகுப்பு நண்பர்கள் கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. லீவில் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் சர்வர் மக்கர் செய்தது. எல்லோரும் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவர் 'எஃப்எஸ்செக்' என்ற கட்டளையைத் தட்டி, அது கேட்ட கேள்விக்கெல்லாம் 'யெஸ்' கொடுத்தார். அரை மணி நேரத்தில் மூன்று மாத பில்கள் காணோம்! சரிசெய்யும் கருவியே எப்படிக் கெடுக்கும் என்று தேடிப் படித்தேன். அந்தக் கதைதான் இது.

நம் பாட பாஷையில் சொல்கிறேன். எந்தக் கோப்பு டிஸ்கில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்தக் கட்டம் காலி என்ற கணக்குக்குப் பெயர்தான் ஃபைல் சிஸ்டம். டிஸ்க் பேரேடு என்றால், யூனிக்ஸின் கெர்னல்தான் கணக்குப்பிள்ளை. அவர் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே பேரேட்டில் எழுதமாட்டார். வேகத்துக்காக நினைவகத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்துதான் எழுதுவார். நடுவில் கரண்ட் போனால் கணக்கு பாதியில் நிற்கும்.

யூனிக்ஸ் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. ஆரம்பத்தில் கட்டங்களைச் சரிபார்க்க 'ஐசெக்', டைரக்டரிகளைச் சரிபார்க்க 'டிசெக்' என்று தனித்தனிக் கருவிகள். திருத்துவது பெரும்பாலும் விஷயம் தெரிந்த ஆளின் கையில். 1970களின் இறுதியில் பெல் ஆய்வகத்தின் டெட் கோவால்ஸ்கி எழுதிய எஃப்எஸ்செக், இந்த வேலைகளை ஒன்றாக்கியது. பெர்க்லியின் மார்ஷல் கிர்க் மெக்கூசிக், 1983-ல் வந்த 4.2 பிஎஸ்டி-யின் புதிய ஃபைல் சிஸ்டத்துக்கு ஏற்ப அதை மாற்றினார். ஐந்து கட்டமாகச் சரிபார்த்து, பெயர் தொலைந்த கோப்புகளை 'லாஸ்ட்+ஃபவுண்ட்' டைரக்டரியில் போடும். கிட்டத்தட்ட நம் இருப்பாய்வு மாதிரி.

ஆனால் ஒரு நிபந்தனை. ஃபைல் சிஸ்டம் அப்போது பயன்பாட்டில் இருக்கக் கூடாது, அதாவது 'அன்மவுண்ட்' செய்திருக்க வேண்டும். எங்கள் வீராம்பட்டினத்தில் போட்டில் ஓட்டை என்றால் கரைக்கு இழுத்துப் போட்டுத்தான் பார்ப்பார்கள், அதுபோல. ஏனென்றால் எஃப்எஸ்செக் கெர்னலிடம் சொல்லாமல் நேராக டிஸ்கில் எழுதும். கெர்னலோ நினைவகத்தில் உள்ள பழைய கணக்கை நம்பி அதன் மேலேயே எழுதிவிடும். நான் பார்த்த அலுவலகத்தில் நடந்தது இதுதான். அன்மவுண்ட் செய்ய முடியாத ரூட் ஃபைல் சிஸ்டத்தைத் திருத்தினால், பழைய எஃப்எஸ்செக் 'சிங்க் செய்யாமல் மறுபடி பூட் செய்' என்று திரையில் கத்தும். நினைவகத்தில் உள்ளது டிஸ்குக்குப் போகவே கூடாது என்று அர்த்தம்.

டிஸ்குகள் பெரிதாகப் பெரிதாக, சரிபார்க்க மணிக்கணக்கில் ஆனது. அதுவரை சர்வரை நிறுத்தி வைக்க முடியுமா? முதல் தீர்வு நம் சப்ஜெக்டிலிருந்தே வந்தது என்பேன். பேரேட்டில் எழுதும் முன் குறிப்பேட்டில் எழுது! பெயரே 'ஜர்னல்'தான். ஐபிஎம்மின் ஜேஎஃப்எஸ் 1990-லும், லினக்ஸின் இஎக்ஸ்டி3 2001-லும் அப்படி வந்தன. கரண்ட் போனால் குறிப்பேட்டைப் பார்த்து நொடிகளில் சரிசெய்துகொள்ளும்.

ஓடும்போதே திருத்தும் வழியை மெக்கூசிக்கே 2002-ல் விளக்கினார். 2003 ஜனவரியில் ஃப்ரீபிஎஸ்டி 5.0-ல் அது வந்தது. முதலில் ஃபைல் சிஸ்டத்தை அந்த நொடியில் இருந்தபடி ஒரு 'ஸ்னாப்ஷாட்' எடுக்கும். எஃப்எஸ்செக் பின்னணியில் அந்த ஸ்னாப்ஷாட்டைத் தணிக்கை செய்யும். தவறு தெரிந்தால் தானே டிஸ்கில் எழுதாது, திருத்தும்படி கெர்னலிடம் கேட்கும். ஆடிட்டர் பேரேட்டில் கை வைக்காமல், கணக்குப்பிள்ளையிடம் பிழைத் திருத்தப் பதிவு போடச் சொல்வது போல. ஆனால் இது பாதியில் நின்ற கணக்குக்கு மட்டும்தான். டிஸ்கே கெட்டிருந்தால் பழையபடி நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்.

டிஸ்க் அப்படிக் கெடுமா? கெடும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லட்சுமி பைரவசுந்தரமும் அவர் குழுவும் 15.3 லட்சம் டிஸ்குகளின் 41 மாத விவரங்களை ஆராய்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எழுதிய தகவலும் படித்த தகவலும் பொருந்தாத சம்பவங்கள் 4 லட்சத்துக்கும் மேல்! இதற்கு ஜர்னல் போதாது. லினக்ஸின் எக்ஸ்எஃப்எஸ்-ஸில் டேரிக் வாங் பல வருடம் உழைத்த ஆன்லைன் ரிப்பேர், 2024-ல் கெர்னலுக்குள் பெருமளவு சேர்ந்தது. அதில் 'இந்தக் கோப்பின் கட்டங்கள் எவை' என்பதோடு 'இந்தக் கட்டம் எந்தக் கோப்புடையது' என்றும் எழுதி வைக்கலாம். நம் இரட்டைப் பதிவு முறை போலத்தான். ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கத்திலிருந்து கட்டிக்கொள்ளும். இங்கும் திருத்துவது கெர்னலேதான்.

ஆக, ஓடும் சர்வரில் ரிப்பேர் முடியும். பேரேட்டை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவர் மூலமாகத்தான் முடியும். உங்கள் சர்வரில் அந்த வசதி இல்லையென்றால் முதலில் பேக்கப் எடுங்கள், பிறகு அன்மவுண்ட் செய்யுங்கள், அப்புறம்தான் எஃப்எஸ்செக். பில் போடுகிறவர்கள் ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அந்த மூன்று மாத பில்களை நாங்கள் பேப்பர் காப்பியைப் பார்த்து மறுபடி தட்டி முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று :-(