இரும்பு-45: சேர்ந்தே வெளியேறும் இரு புரோட்டான்கள்

கொல்லன் பட்டறையில் சிவக்கும் இரும்பில் பெரும்பகுதி இரும்பு-56. அதன் அணுக்கருவில் 26 புரோட்டான்கள், 30 நியூட்ரான்கள். நியூட்ரான்களை மட்டும் குறைத்துக்கொண்டே வந்து 19-இல் நிறுத்தினால் கிடைப்பது இரும்பு-45. பெயரளவில் இதுவும் இரும்புதான், துருப்பிடிக்கத்தான் நேரமிருக்காது. அரை ஆயுள் சுமார் 2.6 மில்லிவினாடி.

புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுபவை. நியூட்ரான் குறையக் குறைய அவற்றைக் கட்டிவைக்கும் பிடி தளர்ந்து, ஓர் எல்லைக்குப் பின் புரோட்டானே வெளியே கசிகிறது. ஆனால் சட்டென்று பாய்ந்துவிடுவதில்லை. மின்விசை எழுப்பும் அரணைக் குவாண்டம் ஊடுருவலால் கடந்தாக வேண்டும். இந்தத் தாமதம் இருப்பதால்தான் இதைக் கதிரியக்கம் என்கிறோம். ஒற்றைப் புரோட்டான் உமிழ்வு 1970-இல் கோபால்ட்-53-இன் கிளர்நிலையில் தெரியவந்தது. கிளர்ச்சியற்ற தாழ்நிலையிலும் அது நிகழும் என்பதை, 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஜி.எஸ்.ஐ. ஆய்வகம் லூட்டீசியம்-151-இல் காட்டியது.

இரும்பு-45-இன் சங்கதி வேறு. கருவுக்குள் புரோட்டான்கள் இணைசேர்ந்தே இருக்கும். இணையைப் பிரித்து ஒன்றை மட்டும் அனுப்பி மாங்கனீசு-44 ஆக, ஆற்றல் கணக்கு கட்டுப்படியாகாது. இரண்டையும் ஒருசேர அனுப்பிக் குரோமியம்-43 ஆகிவிட்டாலோ, ஏறத்தாழ 11 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் மிஞ்சும். இப்படியொரு சிதைவு இருக்கலாம் என்று சோவியத் அறிஞர் வித்தாலி கோல்டான்ஸ்கி 1960-லேயே எழுதியிருந்தார். இரும்பு-45-இல் அதைக் கண்டதாக ஜி.எஸ்.ஐ.யும் பிரான்சின் கானில் ஆய்வகமும் தம் முடிவுகளை வெளியிட்டது 2002-இல். அதைப் பார்க்க அவர் இல்லை. முந்திய ஆண்டுதான் மறைந்திருந்தார்.

அந்த முடிவுகளிலும் ஒரு குறை இருந்தது. சிலிக்கான் உணரிகள் மொத்த ஆற்றலைத்தான் சொல்லின. இரு புரோட்டான்கள் என்பது கணக்கில் தேறியது, கண்ணுக்குத் தெரியவில்லை. அதைத் தீர்த்தது வார்சா பல்கலைக்கழகக் குழு, 2007-இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத்தில். அவர்கள் கருவி ஏறக்குறைய ஒரு வாயுப் பெட்டியும் கேமராவும்தான். மின்னூட்டத் துகள் வாயுவில் எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். அவை நகர்ந்து பெருக்கப்படும் இடத்தில் ஒளி எழும். அந்த ஒளியைக் கேமரா பிடிக்கும். படத்தில் இரும்பு அணுக்கரு வந்து நின்ற தடம் ஒரு கோடாகத் தெரிகிறது. அதன் நுனியிலிருந்து, விரற்கடை அளவில், இரண்டு சிறு கோடுகள் பிரிகின்றன.

நூறு வரைபடங்கள் சொல்லாததை அந்தப் படம் சொல்லிவிடுகிறது என்பேன். இரு கோடுகளின் கோணத்தையும் ஆற்றலையும் அளந்தபோது, இரு புரோட்டான்களும் ஆற்றலை ஏறக்குறைய சமமாகவே பகிர்ந்திருந்தன. மீதிக் கருவோடு சேர்த்து மூன்று பொருள்களின் கூட்டியக்கமாக இதைப் பார்த்த கோட்பாடு, அளவீட்டோடு நன்றாகவே ஒத்துப்போனது.

பிறகு அதே உத்தியை நிக்கல்-48-இன் மீது திருப்பினார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வில் படம்பிடிக்கப்பட்ட இரு புரோட்டான் சிதைவுகள் நான்கே.