கணக்கில் வராத மணிநேரம்: மட்டாஞ்சேரியின் சாப்பா முறை

மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் வேலை என்பது கூட்டத்தின் நடுவே வீசப்பட்ட உலோகத் துண்டாக இருந்தது. கப்பல் வந்த நாளில் ஏற்றிறக்கு ஒப்பந்ததாரரின் ஆள், காத்துநின்ற தொழிலாளர்களிடையே 'சாப்பா' எனப்பட்ட டோக்கன்களை எறிவார். கைப்பற்றியவருக்கு அன்றைக்கு வேலை உண்டு. மற்றவர் வெறுங்கையோடு வீடு திரும்புவர். துண்டுகளைவிட ஆட்கள் அதிகம் என்பதால் அடிதடியும் காயமும் வேலைக்குச் சேரும் நடைமுறையின் அங்கமாகவே இருந்தன. (போர்த்துக்கேயத்தில் 'சாப்பா' என்றால் உலோகத் தகடு; இந்துஸ்தானியில் 'சாப்' என்றால் முத்திரை. மட்டாஞ்சேரித் துண்டுக்கு இரு பொருளும் பொருந்தும்.)

இம்முறை பெரும்பாலும் அவமதிப்பின் வரலாறாகவே பேசப்படுகிறது. கே. எம். சிதம்பரனின் 'துறைமுகம்' நாடகமும், அதனைத் தழுவி ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளிவந்த திரைப்படமும் அந்த நினைவைக் காத்துள்ளன. ஆயினும் சாப்பா ஓர் அளவையின் வரலாறும் ஆகும்.

உழைப்பு உற்பத்தித்திறனை மேலாண்மைப் பாடநூல்கள் எளிய பின்னமாகவே தருகின்றன. தொகுதியில் வெளியீடு; பகுதியில் உழைப்பு நேரம். துறைமுகத்தில் இது ஓர் ஆள்-மணிக்கு எத்தனை டன் என்றாகும். விளக்கத்திற்காக ஒரு கற்பனைக் கணக்கு: 100 பேர் காத்திருக்கின்றனர், 40 சாப்பாக்கள் வீசப்படுகின்றன, அந்த 40 பேர் 8 மணி நேரத்தில் 160 டன் சரக்கை இறக்குகின்றனர். ஆள்-மணிக்கு 0.5 டன். அன்று காத்திருந்த 100 பேரின் நாளையும் பகுதியில் சேர்த்தால் 0.2 டன். சரக்கும் கப்பலும் அவையே. உழைத்த முதுகுகளும் அவையே. யாருடைய நேரம் எண்ணப்படுகிறது என்பது மட்டுமே மாறியது.

காத்திருப்பு சோம்பலால் விளைந்ததன்று. ராபர்ட் பிரிஸ்டோ 1920இல் கொச்சிக்கு வந்தபோது பெருங்கப்பல்கள் கடலில் நங்கூரமிட, சரக்கு படகுகளில் கரை சேர்ந்தது. 1928இல் உள்துறைமுகத்தினுள் கப்பல் நுழைந்தது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஆழம் கூடியதே தவிர, கப்பல்கள் ஆலைச் சங்கைப் போல் நாள்தோறும் ஒரே நேரத்தில் வந்துவிடவில்லை. ஒருநாள் மூன்று வரும். மறுநாள் ஒன்றும் வராது. இந்த ஏற்றத்தாழ்வின் செலவை யாராவது ஒருவர் சுமந்தாக வேண்டும். சாப்பா அதனை முழுவதுமாகத் தொழிலாளியின் தலையில் வைத்தது. இது மட்டாஞ்சேரிக்கு மட்டும் உரியதுமன்று. 1889இல் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, மணிக்கு ஆறு பென்ஸ் கூலியோடு, அழைத்தால் குறைந்தது நான்கு மணிநேர வேலையாவது தர வேண்டும் என்றும் கேட்டனர்.

இந்தியாவில் துறைமுகத் தொழிலாளர் (வேலைவாய்ப்பு ஒழுங்குமுறை) சட்டம் 1948இல் வந்தது. அதன் கீழ் வகுக்கப்படும் திட்டங்கள் தொழிலாளரைப் பதிவு செய்யவும், வேலைக்கு ஆயத்தமாக இருந்தும் வேலை கிடைக்காத நாள்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் வழங்கவும் வழி செய்தன. காத்திருப்புக்கு விலை உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டது. ஆனால் சட்டம் கொச்சியை எட்டக் காலம் பிடித்தது. 1953 செப்டம்பர் 15 அன்று, சாப்பாவுக்கு எதிராகப் போராடிய தொழிலாளர்மீது மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. சைது, சைதலவி, ஆன்றணி என்னும் மூவரின் பெயர்கள் அப்போராட்டத்தின் தியாகிகளாக இன்றும் நினைவுகூரப்படுகின்றன. கொச்சிக்கான திட்டம் 1959இல்தான் வந்தது.

காத்திருப்பு நேரம் கூலிப் பட்டியலில் ஏறியதும், காகிதத்தில் உற்பத்தித்திறன் குறையும். ஒரு மூட்டைகூடக் குறைவாகத் தூக்கப்பட்டிருக்காது. "பதிவுபெற்ற தொழிலாளி வேலை செய்வதில்லை" என்னும் பிற்காலக் குற்றச்சாட்டை வாசிக்கும்போது இதனை மனத்தில் கொள்ள வேண்டும். எல்லாச் சுணக்கத்தையும் இது நியாயப்படுத்தாது. எனினும் முந்தைய எண்ணோடு பிந்தைய எண்ணை அப்படியே ஒப்பிடுவது பிழை.

கொள்கலன் வந்தபின் மயக்கம் எதிர்த்திசையில் நேர்ந்தது. 1973இல் 'பிரசிடென்ட் டைலர்' என்னும் கொள்கலன் கப்பல் கொச்சிக்கு வந்தது. பழைய கணக்கில் 40 பேரின் இடத்தில் ஒரு பாரந்தூக்கியும் 4 பேரும் என்று கொண்டால், ஆள்-மணிக்கு 0.5 டன் 5 டன்னாகும், பத்து மடங்கு. ஆனால் 40 பேரின் கூலி ரூ.4,000 என்றும், புதிய ஏற்பாட்டில் கூலி ரூ.400, இயந்திரமும் எரிபொருளும் ரூ.2,800 என்றும் வைத்தால், ரூபாய்க்கு 0.04 டன் 0.05 ஆகிறது, 25 விழுக்காடு உயர்வு மட்டுமே. உழைப்போடு முதல், ஆற்றல் முதலியவற்றையும் பகுதியில் சேர்க்கும் இதுவே பல்காரணி உற்பத்தித்திறன். அமெரிக்காவில் 1909 முதல் 1949 வரை ஆள்-மணி உற்பத்தி இரட்டித்ததில் எட்டில் ஒரு பங்கையே முதலின் பெருக்கம் விளக்குகிறது என்றும், எஞ்சியது தொழில்நுட்ப மாற்றம் என்றும் இராபர்ட் சோலோ 1957இல் கணித்தார். உள்ளீடு என்று எதை எண்ணுகிறோமோ அதைப் பொறுத்தே அந்த எச்சமும் அமைகிறது.

2011இல் வல்லார்பாடம் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. அதற்கான சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் நிலம் எடுக்கப்பட்டபோது, மூலம்பிள்ளி உள்ளிட்ட ஊர்களிலிருந்து 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டது 2008 பிப்ரவரியில். அம்முனையத்தின் பல்காரணிக் கணக்கில் நிலம் ஒரு விலையாக இடம்பெறும். மறுவாழ்வுக்காக அக்குடும்பங்கள் காத்திருந்த ஆண்டுகளுக்கு அதில் இடமில்லை.