யாழ்ப்பாணத்து யன்னற் கதவுகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு கோட்டைகளிலும் கல்வெட்டுகளிலும் மாத்திரம் பொறிக்கப்பட்டிருப்பதில்லை. அவர்கள் நாள்தோறும் திறந்து மூடிய கதவுகளிலும் அது பதிந்து கிடக்கின்றது. மனையின் ஓர் உறுப்பாகிய யன்னலையும், அதன் உட்கதவைப் பேணிய முறையையும் வரலாற்று நோக்கில் ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொல்லை நோக்குவோம். காற்று வரும் வழி என்னும் பொருள்படக் ‘காலதர்’ என்ற சொல் சிலப்பதிகாரத்திலேயே வழங்குகின்றது. சாளரம், பலகணி என்பனவும் நமக்குரிய பெயர்களே. ஆயினும், இன்று நம் நாவில் நிலைத்திருப்பது ‘ஜனெலா’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்த ‘யன்னல்’ ஆகும். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற மேசை, கதிரை, அலுமாரி, சாவி ஆகியவற்றோடு இதுவும் நம் வீட்டினுட் புகுந்தது. சிங்கள மொழியிலும் அதே சொல் ‘ஜனேலய’ எனத் தங்கிற்று. காற்றுவழி நம்மிடம் முன்னரே இருந்தது. புதிதாக வந்தது கதவு பொருத்திய பெருந்திறப்பே எனக் கருத இடமுண்டு.

இக்கருத்துக்கு நாற்சார் வீட்டின் அமைப்பும் துணைநிற்கின்றது. அவ்வீடு நடு முற்றத்தையே நோக்கியது. ஒளியும் காற்றும் முற்றத்தின் வழியே வந்தமையால் வெளிச்சுவரிற் பெருந்திறப்புகள் வேண்டப்படவில்லை. பிற்காலத்தில் தெருவை நோக்கிய விறாந்தை வீடுகள் பெருகியபோது யன்னலும் பெருத்தது. வெளிப்புறத்தே இரும்புக் கம்பிகள் நின்றமையால் மரக்கதவுகள் அறையினுட்புறமாகவே திறந்தன. மேலிரண்டு, கீழிரண்டு என நான்கு கதவுகள் அமைந்த யன்னலில், கீழ்க்கதவுகளைச் சாத்தித் தெருவின் பார்வையைத் தடுத்து, மேற்கதவுகளைத் திறந்து காற்றைப் பெறலாம். வெப்பத்தையும் நாணத்தையும் ஒருங்கே எண்ணிச் செய்த ஏற்பாடு இது.

இவ்வேற்பாடு நிலைப்பதற்கு இடையறாத கவனிப்பு வேண்டியிருந்தது. சோளகம் வீசுங் காலத்தில் புழுதி பிணைச்சல்களில் அடைந்துவிடும். அதைத் துடைத்துத் துளி எண்ணெய் இடுவர். வாடைக்காற்றோடு மழை வரும் ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரத்தை உறிஞ்சி அகலவாக்கிற் பருத்து இறுகும். அப்போது அவசரப்பட்டுச் சீவுளி பிடித்தால், பங்குனி வெயிலில் மரம் சுருங்கியதும் கதவுகளிடையே நீக்கல் விழும். ஆதலின், மரம் நன்கு காய்ந்த பின்னரே சீவுதல் தச்சர் கண்ட நெறி. கதவின் நுனி தாழ்ந்து கீழ்ச்சட்டத்தில் உரசினால், கீழ்ப்பிணைச்சலின் பின்னே மெல்லிய தகடொன்றை வைத்து முடுக்குவர், நுனி மேலெழும். திருகாணி பிடிக்காத துளையில் மரமுளை அறைந்து மீண்டும் பூட்டுவர். ஏட்டில் எழுதப்படாத இவ்வறிவு கைவழியாகவே தலைமுறைகளைக் கடந்து வந்தது.

அத்தொடர்ச்சியைப் போர் அறுத்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரிலிருந்தும் வலிகாமத்தின் ஏனைய பகுதிகளிலிருந்தும் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மீண்டவர் பலர் கூரையும் கதவும் அற்ற சுவர்களையே கண்டனர். எமது அம்மம்மாவின் வீட்டிலும் யன்னற் சட்டங்களில் திருகாணித் துளைகளே எஞ்சின. அடுக்களைப் பக்கத்துச் சிறு யன்னலில் மாத்திரம் ஒரு சோடிக் கதவு இருந்தது. அதனைக் கழற்றிவிட்டு அலுமினியமும் கண்ணாடியும் பொருத்தலாம் என்று வீட்டார் எண்ணினர். அம்மம்மா இசையவில்லை. முதிய தச்சர் ஒருவரை அழைப்பித்தார். அவரோ மழைக்காலம் முடியட்டும் என்று கூறிச் சென்று, மாசியில் வந்து இரண்டு இழைப்பிற் கதவைச் சரிசெய்தார். அருகிருந்து பார்த்த பின்னரே மேற்கூறியவற்றுட் பெரும்பாலானவற்றை யான் அறிந்தேன்.

கோட்டைகளைப் பேணுதற்குத் திணைக்களங்கள் உள. யன்னற் கதவைப் பேணுதற்கு வீட்டாரும் தச்சருமே உளர். தச்சர் அருகி வருகின்றனர், பழங்கதவுகள் விறகாகின்றன. வரலாறு பயிலும் நாம் விடுமுறையில் ஊர் செல்லும்போது, எஞ்சியுள்ள ஒரு யன்னலையேனும் அளந்து, வரைந்து, அதைச் செய்தவர் சொல்வதைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அவர்கள் இருக்கும்போதே இது செய்யப்படாவிடின், பின்னர் எந்த ஆவணக் காப்பகமும் நமக்கு அதனைத் தரப்போவதில்லை.