கோகா-கோலா சின்னத்தின் கையெழுத்து மரபு

1886ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் மருந்தாளர் ஜான் பெம்பர்ட்டன் உருவாக்கிய பானத்துக்குக் கோகா-கோலா என்று பெயர் சூட்டியவரும், பின்னர் அப்பெயருக்கு எழுத்துவடிவம் தந்தவரும், அவருடைய கணக்கரும் கூட்டாளியுமான ஃபிராங்க் ராபின்சன் ஆவார். அவர் கையாண்டது ஸ்பென்சரியன் எனப்படும், எழுத்துகளைத் தொடுத்து எழுதும் சாய்வுக் கையெழுத்துமுறையாகும்.

பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் (1800–1864) வகுத்த இம்முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்க வணிகக் கல்லூரிகளில் கற்பிக்கப்பட்டு, கணக்கேடுகளுக்கும் கடிதங்களுக்கும் உரிய எழுத்தாக நிலைபெற்றிருந்தமையால், ஒரு கணக்கர் அதைத் தேர்ந்தது இயல்பேயாகும். நீள்வட்டத்தை அடிப்படையாகக் கொண்ட எழுத்துடல், வலப்புறச் சாய்வு, மயிரிழை போன்ற மெல்லிய கோடுகளுக்கிடையே கூர்முனைப் பேனாவை அழுத்துவதால் தடிக்கும் கோடுகள், சுருண்டு நீளும் முதலெழுத்துகள் ஆகியன இம்முறையை இனங்காட்டும் கூறுகளாகும்.

தட்டச்சுப்பொறி அலுவலகங்களில் பரவியபின் இக்கையெழுத்து படிப்படியாக வழக்கொழிந்தாலும், 1893இல் வணிகக்குறியாகப் பதிவுபெற்ற கோகா-கோலா சின்னத்தில் அது நிலைத்துவிட்டது. ஆகவே, அச்சின்னத்தின் எழுத்துரு எது என்று தேடுவோர், அது அச்செழுத்து வார்ப்பிலிருந்து எடுக்கப்பட்டதன்று, கையால் வரையப்பட்டது என்பதை முதலில் உணர வேண்டும்; அதனை ஒத்த கணினி எழுத்துருக்கள் யாவும் பிற்காலத்தில் உருவாக்கப்பட்டவையே.