மாஸினா பாறை: காவி, உளி, கயிறு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மாஸினா என்றொரு ஏரி இருக்கு. அதன் கரையில் சுமார் 100 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தா எழும்பி, ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்குது ஒரு பாறை. அடிவாரம்னு சொல்ல மண்ணே கிடையாது, நேரா தண்ணீர்தான். ஏரியின் ஆழம் 145 மீட்டர். அதனால ஏற வர்றவங்க கனூவிலோ படகிலோதான் வரணும். படகை விட்டுப் பாறையில் வைக்கிற முதல் காலே ஏற்றத்தின் தொடக்கம்.

ஆனா இப்படிப் படகில் வந்து இந்தப் பாறையைத் தொட்டவங்களில் இவங்க முதல் ஆள் இல்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அல்கோன்கியப் பழங்குடியினர் செங்காவியால் தீட்டிய 260க்கும் மேற்பட்ட உருவங்கள் இருக்கு. உயரத்தைப் பார்த்தா, பெரும்பாலும் கனூவில் இருந்தபடியே தீட்டியிருப்பாங்கன்னுதான் தோணுது. அவங்களுக்கு இது புனிதமான இடம்.

1910இல் இந்த நிலம் ஃப்ளோரா மெக்டொனால்ட் டெனிசன் குடும்பத்தின் கைக்கு வந்தது. பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர் அவர். வால்ட் விட்மனின் தீவிர வாசகர். ஆமாம், நம்ம பாரதி கட்டுரையில் எழுதிய அதே விட்மன்தான். 1919இல் கவிஞரின் நூற்றாண்டுக்கு அவருடைய வரிகளை இதே பாறையில் பெரிய எழுத்தில் வெட்டவைத்து, அவரது ஜனநாயக இலட்சியங்களுக்கு அர்ப்பணம் செய்தார். விழாவுக்கு வந்த விட்மனின் நண்பர் ஹோரஸ் டிராபெல் அடுத்த மாதமே அங்கேயே காலமானார்.

எனக்கு உறுத்துவது இதுதான். எல்லா மனிதரும் சமம் என்று பாடிய கவிஞருக்கு மரியாதை செய்ய, இன்னொரு மக்களின் புனிதச் சுவரில் உளி வைத்திருக்காங்க. ஃப்ளோராவைக் கெட்டவர்னு சொல்ல வரலை. நல்ல இலட்சியம் கையில் இருக்கும்போது, சுவர் யாருடையதுன்னு கேட்கத் தோணாமல் போயிடுது.

1959இல் ஃப்ளோராவின் மகன் மெரில் நிலத்தை அரசுக்குக் கொடுத்தார். அது பான் எக்கோ பூங்கா ஆனது. 1982இல் ஓவியங்கள் தேசிய வரலாற்றுச் சின்னமாயின. கனடா ஆல்பைன் கிளப்பின் டொரோண்டோ பிரிவினர் அங்கே ஏறியிருக்காங்க.

காவி மழையிலும் வெயிலிலும் மெல்ல மங்கும். வெட்டின எழுத்து அவ்வளவு சீக்கிரம் போகாது. கயிறு கட்டி ஏறுறவர் கவனமா இருந்தா, எந்தத் தடமும் விடாம இறங்கலாம். இந்தப் பாறையிடம் இனி போறவங்க கத்துக்க வேண்டியது அந்தக் கவனம்தான்.