தோல் கொடுத்தவரும் மேடை ஏறியவரும்

கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர் நந்தனார் என்கிறது பெரியபுராணம். அந்த இசை ஒலித்த கோயிலுக்குள் அவர் நுழைய முடியாது. பெண்ணாடம் முதல் சிதம்பரம் வரை, நம் ஊர்களில் இது வெறும் பழங்கதை அல்ல.

1927இல் நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த காட்டன் கிளப் மேடையேறிய டியூக் எலிங்டன் குழுவுக்கும் இதே நிலைதான். வாசித்தவர்கள் கறுப்பர்கள். பார்வையாளர் இருக்கையோ வெள்ளையருக்கானது. தோழர்களே, அந்த அவமதிப்புக்கு நடுவே அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

1930இல் பிராட்வே நாடகத்துக்காக ஜார்ஜ் கெர்ஷ்வின் மெட்டமைத்த பாட்டு 'ஐ காட் ரிதம்'. ஜாஸ் கலைஞர்கள் அதன் கார்டு வரிசையை 32 பார்களாக எடுத்துக்கொண்டார்கள். எட்டெட்டு பார்களாக நான்கு பகுதிகள். மூன்றாவது மட்டும் வேறு. அங்கே டி7, ஜி7, சி7, எஃப்7 என்று இரண்டிரண்டு பார்களாக நகர்ந்து, தாய்க் கார்டான பி ஃபிளாட்டுக்குத் திரும்பும். வாசிப்பவர் இந்தப் பாதையைக் கேட்டாக வேண்டும். டி7இல் எஃப் ஷார்ப், ஜி7இல் எஃப், சி7இல் ஈ, எஃப்7இல் ஈ ஃபிளாட் என்று படிப்படியாக இறங்கினால், தாய்க் கார்டின் டி சுரத்தில் வந்து நிற்கலாம். மனோதர்மம் என்பது மனம்போன போக்கு அல்ல.

அந்தக் கார்டுகள்மேல் 1940இல் எலிங்டன் 'காட்டன் டெயில்' என்ற புதிய மெட்டைக் கட்டினார். அதே வழியில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் 'ஆந்த்ரோபாலஜி' தந்தார்கள்.

இதில் பிழைப்பும் இருந்தது. மெட்டுக்குத்தான் பதிப்புரிமை, கார்டு வரிசைக்குத் தனியுரிமை கொண்டாட முடியாது. புது மெட்டு போட்டால் பெயரும் ராயல்டியும் புதியவருக்கு. ஆனாலும் சுரண்டல் ஒழியவில்லை. எலிங்டனின் பல பாட்டுகளில் அவருடைய மேலாளர் இர்விங் மில்ஸ் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

பறையில் அடிப்படை அடி மாறாமல் நிற்க, அதன்மேல் புதிதுபுதிதாக அடித்துக் காட்டும் கலைஞர்களை நமக்குத் தெரியும். அந்தக் கணக்கையும் அறிவு என்றே எழுதி வைப்போம். உழைப்பு ஒருவருக்கு, உரிமை இன்னொருவருக்கு என்ற ஏற்பாடு சேரியிலும் ஹார்லெமிலும் ஒன்றுதான். கட்டமைப்பைக் கற்போம், அதன்மேல் நம் மெட்டைப் போடுவோம், அதில் நம் பெயரையும் எழுதுவோம்.